ஒலியின் ஆயுளை அளந்தவர்

வெறுமையான மண்டபத்தில் கைதட்டினால் அந்த ஓசை உடனே அடங்கிவிடுவதில்லை. சுவர்களிலும் கூரையிலும் மீண்டும் மீண்டும் பட்டுத் தெறித்து, சிறிது சிறிதாகவே தேய்ந்து மறைகிறது. இதனை எதிர்முழக்கம் என்பர். இந்த எதிர்முழக்கத்தை அளந்து, கணக்கிட்டு அறிய வழிகண்டவர் வாலஸ் கிளெமென்ட் சபின்.

சபின் 1868ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் பிறந்தார். 18 வயதிலேயே பட்டம் பெற்ற அவர், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் மேற்கல்வி பயின்று, அங்கேயே இயற்பியல் கற்பித்தார். 1895ஆம் ஆண்டில் அவரிடம் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டப்பட்ட விரிவுரை மண்டபத்தில், பேசிய சொல் ஐந்து வினாடிகளுக்கு மேல் அடங்காமல் ஒலித்தது. ஒரு சொல் மறைவதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதனோடு கலந்ததால், மாணவர்களுக்குப் பாடம் விளங்கவில்லை. குறையைக் களையும் பொறுப்பு சபினிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒலியியலில் அவருக்கு முன் அனுபவம் இல்லை; எனினும் அவர் தயங்கவில்லை.

பகலில் தெரு இரைச்சல் ஆய்வுக்கு இடையூறாக இருந்தது. ஆகவே, ஊர் உறங்கிய பின்னரே அவர் பணியைத் தொடங்கினார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளர்களுடன் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பினார். ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து நிறுத்திய பின், ஓசை காதுக்கு எட்டாமல் மறையும்வரை ஆகும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மெத்தைகள் கூடக் கூட அந்த நேரம் குறைந்தது. விடிவதற்குள் மெத்தைகள் மீண்டும் அரங்கிற்குத் திரும்பின.

ஒருமுறை, தாம் அணிந்திருந்த உடையும் ஒலியை உறிஞ்சி முடிவுகளைச் சிறிதளவு மாற்றுவதை அவர் கண்டறிந்தார். 3000க்கும் மேற்பட்ட அளவீடுகளைத் தயங்காமல் ஒதுக்கிவிட்டு, ஒரே வகை உடையை அணிந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

1898ஆம் ஆண்டில் அந்த உழைப்பு பலன் தந்தது. மண்டபத்தின் கொள்ளளவு பெருகினால் எதிர்முழக்க நேரம் கூடும். ஒலியை உறிஞ்சும் பொருள்கள் பெருகினால் அது குறையும். இவ்வுண்மையைச் சபின் ஒரு சூத்திரமாக வடித்தார். அதன் துணையுடன் வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கு 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது.

சபின் 1919ஆம் ஆண்டு, தமது 50ஆவது வயதில் மறைந்தார். ஒலி உறிஞ்சலை அளக்கும் அலகு ஒன்று அவர் பெயரால் ‘சபின்’ என வழங்கப்படுகிறது. இன்று சிறிய அறையில் பதிவுசெய்த குரலையும் பெரிய அரங்கில் பாடியதுபோல் கணினியால் ஒலிக்கச் செய்ய முடிகிறது. அதற்காக ஒலிப்பொறியாளர் தேர்ந்தெடுக்கும் அளவுகளுள் முதன்மையானது, சபின் இரவெல்லாம் கண்விழித்து அளந்த அதே எதிர்முழக்க நேரமே ஆகும்.