தாய்மாரிடம் பாடம் கேட்ட மருத்துவர்

புரதச் சத்துக் குறைவால் சிறு குழந்தைகளுக்கு வரும் நோய் எது என்று அறிவியல் வகுப்பில் கேட்டால், குவாஷியார்கர் என்று நாம் ஒரே குரலில் விடை கூறுவோம். சொல்வதற்குச் சற்றுக் கடினமான பெயர்தான். ஆனால் அது கிரேக்கச் சொல்லும் அன்று, இலத்தீன் சொல்லும் அன்று. ஆப்பிரிக்கத் தாய்மார் தங்கள் வீடுகளில் வழங்கி வந்த சொல். அதை அவர்களிடம் கேட்டறிந்து மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார். தாய் சேய் நலத்துக்காகத் தம் வாழ்நாளை ஈந்த அப்பெருமாட்டியின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிறப்பும் கல்வியும்

சிசிலி டெல்ஃபின் வில்லியம்ஸ் 1893ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜமைக்கா தீவில் பிறந்தார். தந்தையார் அத்தீவின் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். சிசிலி தம் பதின்மூன்றாம் வயதில் இங்கிலாந்துக்குப் படிக்கச் சென்றார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வேளையில், நிலநடுக்கத்தாலும் புயலாலும் துன்புற்றிருந்த தம் பெற்றோருக்குத் துணையாக ஊர் திரும்பினார். தந்தையார் மறைந்த பின், 1916இல் மீண்டும் ஆக்ஸ்போர்டு சென்றார்.

அது முதல் உலகப் போர்க் காலம். இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டதால் மருத்துவ வகுப்புகளில் பெண்களுக்கு இடம் கிடைத்தது. 1923இல் சிசிலி மருத்துவரானார். ஆனால் போர் முடிந்து ஆண்கள் திரும்பியிருந்த அந்நாளில், பெண் மருத்துவர்களுக்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. இலண்டனில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றியபோதுதான் அவர் ஓர் உண்மையை உணர்ந்தார். குழந்தையின் வீட்டை அறியாத மருத்துவரால் குழந்தையின் நோயை முழுமையாகத் தீர்க்க முடியாது என்பதே அது. பின்னர் வெப்ப நாடுகளுக்குரிய மருத்துவத்தையும் கற்று, 1929இல் ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த கோல்டு கோஸ்ட் நாட்டுக்குச் சென்றார். இன்று கானா என்று வழங்குவது அந்நாடே.

பெயர் தெரியாத நோய்

அங்கே அவருக்குக் கிடைத்தது பெண் மருத்துவ அலுவலர் என்ற பதவி. அதே பணியைச் செய்த ஆண்களைவிட ஊதியம் குறைவு. அதனால் அவர் மனம் தளரவில்லை. அக்ரா நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் பணியாற்றியபோது, ஒரு வகை நோயுற்ற குழந்தைகளைத் தாய்மார் அடிக்கடி தூக்கி வந்தனர். எல்லாம் ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள். கால்களும் வயிறும் வீங்கியிருக்கும். கருமையான முடி செம்பட்டையாக மாறியிருக்கும். தோல் உரியும். பசியும் இராது, சிரிப்பும் இராது. அவர்களுள் பலர் இறந்தனர்.

மருத்துவர்கள் பலரும் இதைப் பெல்லாக்ரா என்னும் நோயாகவே கருதினர். சிசிலி அம்மையாரின் கண்ணுக்கு இது வேறாகத் தோன்றியது. பெல்லாக்ராவில் வெயில் படும் இடங்களில்தான் தோல் கெடும். இக்குழந்தைகளிடம் அவ்வாறில்லை. உண்மையை அறிய, இறந்த குழந்தைகளின் உடல்களை அவரே அறுத்து ஆராய்ந்தார். அவ்வாறு செய்கையில் நோய்க்கிருமி தொற்றி, உயிர் பிழைப்பதே அரிதென்னும் நிலைக்கு ஆளானார்.

தாய்மார் தந்த விடை

நூல்களில் கிடைக்காத விடையை அவர் தாய்மாரிடம் தேடினார். அவர்கள் கா என்னும் மொழி பேசும் மக்கள். இந்நோயை அவர்கள் குவாஷியார்கர் என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததால் தன் இடத்தை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள். அந்த ஒரு சொல்லில் நோயின் காரணமும் அடங்கியிருந்தது. புதுக் குழந்தை வந்ததும் தாய்ப்பால் அதற்குப் போய்விடும். மூத்த குழந்தைக்கு மக்காச்சோள மாவுக் கஞ்சிதான் உணவு. கஞ்சி வயிற்றை நிரப்பும். ஆனால் வளரும் உடலுக்கு வேண்டிய சத்து அதில் போதாது.

தோழியரே, நம் பாட்டிமார் சவலைப் பிள்ளை என்று சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? தம்பியோ தங்கையோ பிறந்ததால் தாய்ப்பால் இழந்து மெலிந்த குழந்தையே சவலைப் பிள்ளை. கடல்களுக்கு அப்பால் இருந்த தாய்மாரும் நம் பாட்டிமாரும் ஒரே உண்மையைக் கண்டு, அவரவர் மொழியில் பெயரிட்டிருக்கிறார்கள். பள்ளி சென்றறியாத தாய்மாருக்கும் அறிவு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1933இல் அம்மையார் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். இது பெல்லாக்ராவே என்று மூத்த மருத்துவர் ஒருவர் மறுத்து எழுதினார். அம்மையார் பின்வாங்கவில்லை. 1935இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில், தாய்மார் இட்ட பெயரையே தலைப்பாகக் கொண்டு மீண்டும் எழுதினார். அவர் கூற்று எங்கும் ஏற்கப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. புரதக் குறைவு ஒன்றே இந்நோயை முழுவதும் விளக்கிவிடாது, வேறு காரணங்களும் சேர்கின்றன என்று இன்றைய ஆராய்ச்சியாளர் கூறுகின்றனர். ஆயினும் உணவுக் குறையே இதன் வேர் என்று அவர் கண்டது நிலைத்து நிற்கிறது.

மருந்தோடு அறிவுரையும்

அந்நாளில் நோயுற்ற குழந்தைக்கு மருத்துவமனை, நலமாயுள்ள குழந்தைக்கு வேறொரு நிலையம் என்று பிரித்து வைத்திருந்தனர். அம்மையார் இதை ஏற்கவில்லை. வீக்கம் வடிந்து வீடு சென்ற குழந்தை மீண்டும் அதே கஞ்சியைக் குடித்தால், மீண்டும் அதே நோய்தானே வரும்? ஆகவே நோய் தீர்ப்பதும், நோய் வராமல் காப்பதும் ஓரிடத்திலேயே நடைபெற வேண்டும் என்றார். ஒவ்வொரு குழந்தைக்கும் குறிப்பு அட்டை வைத்தார். செவிலியரைப் பயிற்றுவித்தார். வீடுகளுக்குச் சென்று, தாய் எங்கே சமைக்கிறாள், என்ன ஊட்டுகிறாள் என்று கண்டறிந்து, அதன் பின்னரே அவளுக்கு அறிவுரை கூற வேண்டும் என்பது அவர் கொள்கை. ஏழைத் தாயால் வாங்க இயலாத உணவைச் சொல்லிப் பயன் என்ன?

பாலும் கொலையும்

மேலதிகாரிகளோடு கருத்து வேறுபாடு முற்றியதால் 1936இல் அவர் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். சிங்கப்பூரில் பச்சிளங் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறப்பதைக் கண்டார். செவிலியர் போல் வெள்ளுடை உடுத்திய விற்பனைப் பெண்கள் ஏழைத் தாய்மாரிடம் சென்று, தாய்ப்பாலைவிடச் சர்க்கரை சேர்த்த டின் பாலே சிறந்தது என்று கூறி விற்று வந்தனர். டின் பாலைக் கரைக்கத் தூய நீர் வேண்டும், நீரைக் கொதிக்க வைக்க விறகு வேண்டும். விலை கட்டாத தாயோ ஒரு டின்னைப் பல நாள் வரும்படி நீர்க்கக் கரைப்பாள். அதற்குள் அவள் பாலும் வற்றிவிடும். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அம்மையார் ஆற்றிய உரைக்குப் பாலும் கொலையும் என்று தலைப்பிட்டார். செல்வாக்குள்ள பெருமக்கள் நிறைந்த அவையில் அவ்வாறு பேச எவ்வளவு துணிவு வேண்டும்!

சிறையிலும் தொண்டு

1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைக் கைப்பற்றியபோது அம்மையாரும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டார். பெண்கள் முகாமின் தலைவியருள் ஒருவராக இருந்து பசியிலும் பிணியிலும் வாடியவர்களைத் தாங்கினார். 1943இல் ஜப்பானிய இராணுவக் காவல்துறையினர் அவரைக் கொண்டு சென்று, சாகும் நிலையில் இருந்தவர்களோடு ஒரு கூண்டில் பல மாதங்கள் அடைத்து விசாரித்தனர். அச்சிறைவாசத்தின்போது முகாமில் 20 குழந்தைகள் பிறந்தன. எல்லாக் குழந்தைகளும் தாய்ப்பால் குடித்தன, எல்லாமே உயிர் பிழைத்தன. உணவுக்கே வழியற்ற இடத்திலும் தாய்ப்பால் குழந்தையைக் காக்கும் என்பதை அவர் அங்கே நேரில் கண்டார். 1945இல் போர் முடிந்தபோது அவர் பெரிபெரியாலும் சீதபேதியாலும் நலிந்து கிடந்தார்.

உலகப் பணி

உடல் தேறிய அம்மையார் ஓய்ந்திருக்கவில்லை. 1948இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவரானார். பின்னர் இலண்டனிலும் பெய்ரூட்டிலும் கற்பித்தார். ஏறத்தாழ 70 நாடுகளில் அவர் அறிவுரை பயன்பட்டது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரம் செய்வதற்கு உலக நாடுகள் 1981இல் நெறிமுறை வகுத்தபோது, அதைக் காண அவர் உயிரோடு இருந்தார். 1992ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள், தம் 98ஆம் வயதில் ஆக்ஸ்போர்டில் இறைவனடி சேர்ந்தார்.

நாம் கற்பது

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே, அதன்பின் சத்துள்ள இணை உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய அறிவுரை. இதை எடுத்துச் சொல்லப் பட்டம் வேண்டியதில்லை. நம் அண்டை வீட்டு அக்காவுக்கும், ஊரிலுள்ள சித்திக்கும் நாமே சொல்லலாம். ஆனால் சொல்வதற்கு முன் கேட்க வேண்டும். அவர்கள் வீட்டு நிலை என்ன, அவர்கள் அறிந்தது என்ன என்று பணிவோடு கேட்க வேண்டும். சிசிலி அம்மையார் முதலில் மாணவியாக அமர்ந்தார், அதன் பின்னரே ஆசிரியையாக எழுந்தார். நாமும் அவ்வழி நின்று, நம் ஊரில் சவலைப் பிள்ளை இல்லை என்னும் நிலை வரப் பாடுபடுவோமாக!