எந்தக் கப்பலில் ஏறுவது?
இரண்டு ஆட்டங்களில் புகழ் பெற்ற எம்.ஜே. கோபாலன்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெரு மிகவும் குறுகலானது. மூன்று செங்கற்களை நிறுத்தி வைத்தால் அதுதான் ஸ்டம்பு. பந்து சாக்கடையில் விழுந்தால் அடித்தவன் அவுட். 1990-களின் கடைசியில் அந்தத் தெருவில் இருந்த பையன்கள் எல்லோரும் டெண்டுல்கர்கள். நான் ஒருவன் மட்டும் கோபாலன்!

யாரடா அந்தக் கோபாலன் என்று கேலி செய்வார்கள். எனக்கு ரோஷம் வரும். ஏனென்றால் அவரை எனக்குக் கொடுத்தவர் என் தாத்தா.

தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் சிறுவனாக இருந்த காலத்தில், பொங்கல் சமயத்தில் சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்களுக்கும் இந்தியர்களுக்கும் கிரிக்கெட் போட்டி நடக்கும். வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போய், மரத்தடியில் நின்று பார்ப்பாராம். அங்கேதான் அவர் கோபாலனைக் கண்டார்.

கிராமத்துப் பையன்

கோபாலன் 1909-ம் ஆண்டு ஜூன் மாதம் 6-ந் தேதி செங்கற்பட்டு ஜில்லாவில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். குடும்பம் திருவல்லிக்கேணிக்குக் குடி வந்தது. அங்கே அவருடைய திறமையைக் கண்டுபிடித்தவர் ஜான்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர். அவரே பர்மா ஷெல் கம்பெனியில் கோபாலனுக்கு வேலையும் வாங்கிக் கொடுத்தார். பொங்கல் போட்டியில் ஜான்ஸ்டன் ஆடியதோ எதிர்க் கோஷ்டியில்! வேலை கொடுத்தவர் ஆயிற்றே என்று கோபாலன் பந்தின் வேகத்தைக் குறைத்ததில்லை என்று தாத்தா பெருமையாகச் சொல்வார்.

1930-ல், உலகப் புகழ் பெற்ற இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜாக் ஹாப்ஸ் சென்னைக்கு ஆட வந்தார். அவரையே கோபாலன் வீழ்த்தினார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்தை எதிர்த்து டெஸ்ட் போட்டியில் ஆடினார். அதே ஆண்டு நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பைப் போட்டி பிறந்தது. சென்னையும் மைசூரும் மோதின. அந்தக் கோப்பையின் சரித்திரத்தில் முதல் பந்தை வீசியவர் நமது கோபாலன்தான். மைசூர் 48 ரன், 59 ரன் என்று சுருண்டது. சென்னை எடுத்தது 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்துவிட்டது!

கையில் ஹாக்கி மட்டை

அவருக்கு ஹாக்கியும் கைவந்த கலை. 1935-ல் தியான் சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற இந்திய கோஷ்டியில் அவரும் ஒருவர். அந்தச் சுற்றுப் பிரயாணத்தில் 48 ஆட்டங்கள்; இந்தியா அடித்த கோல்கள் 584.

அடுத்த ஆண்டு வந்தது சோதனை. கிரிக்கெட் கோஷ்டி இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. ஹாக்கி கோஷ்டி ஒலிம்பிக் பந்தயத்துக்காக பெர்லினுக்குப் புறப்பட இருந்தது. ஓர் ஆள் இரண்டு கப்பலில் ஏற முடியுமா? கோபாலன் இங்கிலாந்துக் கப்பலில் ஏறினார்.

அங்கே மூன்று டெஸ்டுகள் நடந்தன. ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகஸ்டு 15-ந் தேதி பெர்லினில் தியான் சந்த் கோஷ்டி ஜெர்மனியை 8-க்கு 1 என்று தோற்கடித்துத் தங்கப் பதக்கம் பெற்றது. கோபாலனுக்கு அதற்குப் பிறகு டெஸ்டும் கிடைக்கவில்லை, ஒலிம்பிக்கும் கிடைக்கவில்லை.

தாத்தாவின் கப்பல்

ராயபுரம் கடற்கரையில் உட்கார்ந்து தாத்தா இதைச் சொல்லும்போது, தூரத்தில் நிற்கும் கப்பல்களில் எது பெர்லின் கப்பல் என்று நான் தேடுவேன். அவர் ஏன் அழவில்லை என்று ஒருநாள் கேட்டேன். ஏறும்போது எந்தக் கப்பல் நல்ல கப்பல் என்று யாருக்கும் தெரியாது. திரும்பி வந்து மறுபடியும் பந்தைக் கையில் எடுத்தாரே, அதுதான் பெரிது என்றார் தாத்தா.

அது உண்மைதான். கோபாலன் மனம் உடைந்து ஒதுங்கிவிடவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் சென்னைக்காக ஆடினார். இந்திய கோஷ்டியைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் இருந்தார். 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே தொடங்கிய போட்டிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வாழ்ந்திருக்கும்போதே ஒருவர் பெயரில் கோப்பை!

2003 டிசம்பர் 21-ந் தேதி, தமது 94-வது வயதில் கோபாலன் சென்னையில் காலமானார். அப்போது டெஸ்ட் ஆட்டக்காரர்களில் உலகிலேயே வயதில் மூத்தவர் அவர்தான். பத்திரிகையை நான்தான் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

தாத்தாவும் போன பிறகு ஆயா ஒரு விஷயம் சொன்னாள். வாலிபத்தில் அவர் சிங்கப்பூர் போக 'ரஜூலா' கப்பலில் டிக்கெட் வாங்கியிருந்தாராம். அவருடைய தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று கடைசி நாளில் நின்றுவிட்டாராம். கூடப் புறப்பட்ட சிநேகிதர் அங்கே கடை வைத்து வசதியாகிவிட்டார். தாத்தா அதே துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எங்களிடம் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை. கோபாலன் கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது என் மகனுக்கு ஆறு வயது. அவனுக்குப் பிடித்த ஆட்டக்காரர் தோனி. இருக்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் கடற்கரைக்கு அவனை அழைத்துப் போகப் போகிறேன்.