ஆறாத புண்ணும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும்

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் என் பாட்டியை வெற்றிலைப் பெட்டி இல்லாமல் நான் கண்டதே இல்லை. கேமரன் மலைக் குளிரில் கொழுந்து கிள்ளும் பெண்களுக்கு அதுதான் துணை. விடியலில் ஒன்று, தேநீர் வேளையில் ஒன்று, மாலையில் லயத்து வாசலில் ஒன்று. இடக்கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்து, ரசம் பட்டாலே எரிந்தபோது, உடல்சூடு என்று மோர் குடித்துக்கொண்டார். வாய் திறப்பதே சிரமமான பின்புதான் மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். அது புற்றுநோய் என்று சோதனையில் தெரிந்தபோது, எப்போதோ படித்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை என் நினைவுக்கு வந்தார்.

முத்துலட்சுமி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர் என்பதால் ஊராரின் ஏளனத்துக்குக் குறைவில்லை. ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912இல் மருத்துவரானார். 1926இல் சென்னைச் சட்டசபை உறுப்பினர், 1927இல் அதன் துணைத் தலைவர். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் நடத்திய போராட்டத்தை நம் பேரவை மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அவருடைய மற்றொரு போராட்டத்தைத்தான் அதிகம் பேசுவதில்லை.

1920களின் தொடக்கத்தில் அவருடைய தங்கை நோயுற்றார். வயிற்றுக்கடுப்பு என்றே வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. அக்காள் மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. சாதாரணப் புண், சாதாரண எரிச்சல் என்ற போர்வைக்குள் இந்நோய் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதை அவர் வீட்டுக்குள்ளேயே கண்டார்.

சில வேளைகளில் அந்தப் போர்வையே நோயை வளர்த்தும் விடுகிறது. காயம் பட்டால் வெள்ளணுக்கள் ஓடிவந்து, ஆக்சிஜனும் நைட்ரஜனும் கொண்ட வீரியமான மூலக்கூறுகளைக் கக்கிக் கிருமிகளைக் கொல்கின்றன. காயம் ஆறியதும் அவை விலகிவிட வேண்டும். ஆறாத அழற்சியில் அவை விலகுவதில்லை. பகைவர் இல்லாத இடத்திலும் சுட்டுக்கொண்டே இருக்கும் காவல்படை மாதிரி, நம் உயிரணுக்களின் டி.என்.ஏ.வையே தாக்குகின்றன. அதிலுள்ள குவானின் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், சைட்டோசினோடு சேர வேண்டியது அடினினோடு சேர்ந்துவிடும். உயிரணு பிரியும்போது அந்த எழுத்துப்பிழை நிலைத்துவிடும். அழிந்த திசுவை ஈடுகட்ட உயிரணுக்கள் மேலும் மேலும் பிரிவதால் பிழைகளும் பெருகும். வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணுவில் பிழை விழுந்தால் அங்கேதான் புற்று தலையெடுக்கிறது. இரைப்பைக் கிருமியும் கல்லீரல் அழற்சி வைரசும் பெரும்பாலும் இந்த வழியில்தான் கேடு செய்கின்றன.

வெற்றிலைப் பாக்கில் சுண்ணாம்பின் காரம் பாக்கிலிருந்தே அத்தகைய மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கன்னத்தில் நாள்முழுதும் ஒதுக்கி வைத்தால் ஓயாத உராய்வு வேறு. புகையிலை சேராத தாம்பூலமும் புற்றுநோய் தருவதே என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது. புகையிலை இல்லை, வெறும் பாக்குதானே என்று பாட்டிக்குப் பரிந்து பேசியவர்களுள் நானும் ஒருவன்.

இந்த மூலக்கூறு விளக்கமெல்லாம் முத்துலட்சுமிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. 1925இல் லண்டன் சென்றபோது புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். சென்னையிலும் ஒன்று வேண்டும் என்று 1935இல் மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அறிவித்தார். எப்படியும் சாகப்போகிறவர்களுக்கு மருத்துவமனை எதற்கு என்ற எண்ணம் அப்போது பரவலாக இருந்தது. அவர் விடவில்லை. 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கி வீடுவீடாகத் திரட்டினார். 1952இல் அடையாற்றில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் உலகுக்குத் தெரிந்தது 1953இல். அடுத்த ஆண்டு, 1954 ஜூன் 18இல், 12 படுக்கைகளுடன் அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் திறந்தது. அப்போது அவருக்கு வயது 67. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் வந்துசேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1968இல் அவர் மறைந்தார்.

பாட்டிக்குக் கன்னத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதன்பின் நான்கு ஆண்டுகள் இருந்தார். வாய் முழுதாகத் திறக்கவில்லை; கஞ்சியும் கரைத்த சோறும்தான். வெற்றிலைப் பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னால் மட்டும் கேட்கமாட்டார். சுண்ணாம்பு டப்பாவைக் கழுவி அதில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார்.