சூசன்னா வெஸ்லி அம்மையார்

எமது கல்லூரியில் படித்த எவருக்கும் வெஸ்லி என்ற பெயர் புதிதன்று. ஞாயிறு பாடசாலையில் எமக்குச் சொல்லப்பட்ட கதை ஒன்றுதான். நள்ளிரவில் வீடு எரிகிறது; மேல்மாடி யன்னலில் ஐந்து வயதுப் பையன் நிற்கிறான்; ஒருவர் தோளில் மற்றவர் ஏறி அவனை இறக்குகிறார்கள். அவன்தான் பின்னாளில் மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி. கதை அதோடு முடிந்துவிடும். 1709 பெப்ரவரியில் அந்த இரவு, நிறைமாதக் கர்ப்பிணியாக நெருப்பினூடே நடந்து வெளியே வந்த தாயைப் பற்றி எமக்கு அதிகம் சொல்லப்படவில்லை. நூற்றாண்டு மலரில் அவருக்கும் ஓர் இடம் ஒதுக்குவது எமது கடன் என எண்ணுகிறோம்.

சூசன்னா 1669 ஜனவரி 20இல் லண்டனில் பிறந்தார். தந்தையார் சாமுவேல் ஆன்ஸ்லி, அரச திருச்சபையை விட்டு விலகிய போதகர்களுள் ஒருவர். அவருடைய இருபத்தைந்து பிள்ளைகளுள் சூசன்னாவே கடைசி. பதின்மூன்று வயது நிறையுமுன்பே இரு பக்க நியாயங்களையும் தாமே ஆராய்ந்து, தந்தை விட்டு வந்த திருச்சபைக்கே திரும்பிப் போனார். 1688இல் சாமுவேல் வெஸ்லி என்னும் இளம் குருவானவரை மணந்தார். பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தனர். ஒன்பது பேர் குழந்தைகளாகவே இறந்தனர். எஞ்சியோர் ஏழு பெண்களும் மூன்று ஆண்களும்.

லிங்கன்ஷயரில் எப்வேர்த் என்ற ஊர்க் குருமனையில் இவர்களது வாழ்வு வறுமையும் கடனுமாகக் கழிந்தது. கணவர் நல்ல புலமையாளர். காசு விஷயத்தில் கெட்டித்தனம் இல்லாதவர். 1705இல் கடனுக்காக அவரைச் சிறையில் அடைத்தார்கள். கையில் வேறொன்றும் இல்லாத நிலையில் சூசன்னா தமது மோதிரங்களைக் கழற்றிச் சிறைக்கு அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். நகையை அடைவு வைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்த தாய்மாரின் பிள்ளைகளாகிய எமக்கு இதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

இந்த வீட்டுக்குள்தான் அவர் பள்ளிக்கூடம் நடத்தினார். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பின்னேரம் இரண்டு முதல் ஐந்து வரை. ஐந்து வயது நிறைந்த மறுநாள் பிள்ளைக்கு அரிச்சுவடி. அநேகமாக எல்லோரும் ஒரே நாளில் எழுத்துகளைக் கற்றுக்கொண்டனர். அடுத்து ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் வாசிப்புத் தொடங்கும். ஒரு வயது ஆனதுமே பிரம்புக்குப் பயந்து மெல்ல அழப் பழக்கினார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இன்று நாம் அதைச் சரியென்று சொல்லமாட்டோம். ஆனால் அவருடைய விதிகளுள் ஒன்றை எமது கல்லூரி வாசலில் எழுதி வைக்கலாம். நன்றாக வாசிக்கத் தெரியும்வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையல் முதலிய வேலைகளில் அமர்த்தக் கூடாது என்பதே அது. அக்காலத்தில் பெண்பிள்ளைக்கு ஊசிதான் முதலில் கொடுக்கப்பட்டது. திருத்தமாக வாசிக்கக்கூடிய பெண்கள் அரிதாயிருப்பதற்கு அதுவே காரணம் என்பது அவர் கருத்து.

1711 அளவில், கணவர் லண்டனில் தங்கியிருந்த குளிர்காலத்தில், மூத்த மகள் எமிலியா தந்தையின் அறையிலிருந்து ஒரு புத்தகத்தைக் கண்டெடுத்து வாசித்துக் காட்டினாள். அது தமிழ்நாட்டுத் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து தமிழ் கற்று ஊழியம் செய்த சீகன்பால்கு முதலியோரைப் பற்றிய நூல். சூசன்னா அதைக் கேட்டு மிகவும் கலங்கினார். தாம் ஆணுமல்ல, குருவுமல்ல. ஆயினும் கையில் உள்ள பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம் செய்யலாமே என்று எண்ணினார். அன்றுமுதல் ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனியே இருந்து பேசுவதென முறை வைத்தார். வியாழன் ஜோனுக்கு, சனி சாள்ஸுக்கு. வளர்ந்து பெரியவனான பின்னும் அந்த வியாழன் நேரத்தைத் தனக்காக ஒதுக்கும்படி ஜோன் தாயைக் கேட்டுக்கொண்டான். தமிழ்க் கரையிலிருந்து போன செய்தி எப்வேர்த் வீட்டை அசைத்தது. நூறு ஆண்டுகளின் பின், 1814இல், அந்த வீட்டுப் பிள்ளைகள் தொடங்கிய சபையிலிருந்து லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணம் வந்தார்கள். எம்மை இதைவிட நெகிழச் செய்த செய்தி வேறில்லை.

ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் அவர் செபமும் பிரசங்கமும் வாசித்தார். வேலைக்காரப் பையன் தன் பெற்றோருக்குச் சொல்ல, அயலவர்களும் வந்தார்கள். இருநூறு பேர்வரை சேர்ந்து, இடமின்றிப் பலர் திரும்பிப் போனார்கள். உதவிக்குரு முறைப்பாடு எழுதினார். கணவரும் நிறுத்தும்படி கேட்டார். சூசன்னாவின் பதில் பணிவானது, ஆனால் மடக்கிப்போடுவது. நிறுத்த வேண்டுமானால் வெறும் விருப்பமாகச் சொல்லாமல் கட்டளையாக இடவேண்டும். நன்மை செய்யத் தவறிய பழி அப்போதுதான் தம்மேல் விழாது என்று எழுதினார். கட்டளை வரவேயில்லை.

பெண்களின் கதையையும் சொல்லாமல் விட முடியாது. மூன்று பையன்களும் ஒக்ஸ்போட் போனார்கள். அதே மேசையில் அதே தாயிடம் கற்ற ஏழு பெண்களுக்கும் அப்படி ஒரு வாசல் இருக்கவில்லை. சிறுவயதிலேயே கிரேக்க மொழி வாசித்த ஹெற்றி நல்ல கவிஞர். வாலிபத்தில் செய்த ஒரு பிழைக்காக, தகுதியற்ற ஒருவருக்கு அவசரமாக மணம் முடித்துவைக்கப்பட்டாள். தந்தை அவளை மன்னிக்கவில்லை. மகளுக்காகத் தாய் போதிய அளவு வாதாடினார் என்றும் எம்மால் சொல்ல முடியவில்லை. அவளுக்காகப் பிரசங்க பீடத்தில் பேசியவன் தம்பி ஜோன். எமிலியா மட்டும் ஆசிரியையாகி, கேன்ஸ்பரோவில் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் வைத்தாள்.

1735இல் கணவர் இறந்தபோது குருமனையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சூசன்னா முதலில் போய்த் தங்கியது எமிலியாவின் பள்ளிக்கூட வீட்டில்தான். கடைசி ஆண்டுகளை ஜோனுடன் லண்டனில் கழித்தார். 1742 யூலையில் மரணப்படுக்கையில் இருந்தபோது, தாம் விடுதலை பெற்றவுடன் துதியின் சங்கீதம் ஒன்று பாடும்படி பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டார். ஜோனும் பெண்மக்களும் கட்டிலைச் சுற்றி நின்று அப்படியே பாடினார்கள்.