விரல்களை எண்ணாக்கியவர்

வத்திராயிருப்பில் எங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள நியாயவிலைக் கடையில் சில மாதங்களுக்கு முன் ஒரு மூதாட்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றேன். வாழ்நாளெல்லாம் நாற்றுப் பறித்தும் களையெடுத்தும் தேய்ந்துபோன விரல்கள். கைரேகைக் கருவி அவற்றை ஏற்கவில்லை. விற்பனையாளர் பொறுமையானவர். பெருவிரலைத் துணியால் துடைக்கச் சொன்னார். அடுத்த விரலை வைக்கச் சொன்னார். மறு கையை நீட்டச் சொன்னார். ஆறாவது முறை கருவி ஒப்புக்கொண்டது. அதற்குள் அந்த அம்மாள், தாமே ஏதோ பிழை செய்துவிட்டவரைப் போலப் பின்னால் நின்ற எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கருவிக்கு மென்பொருள் எழுதியவர் யார் என்று வரிசையில் எவரும் கேட்கவில்லை. திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். என்னிடம் பொருளியல் பயின்று பின்னர் அத்துறைக்கு மாறிய ஒருவர், தாம் எழுதும் நிரலை யார் எதற்குப் பயன்படுத்துகிறார் என்பது தமக்குத் தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை என்றார். அப்போது என் நினைவுக்கு வந்தவர் காஜி அஜிசுல் ஹக். கணினி என்ற சொல்லே இப்பொருளில் வழங்காத காலத்தில், இன்றைய நிரலாளர் செய்வதற்கு மிக நெருக்கமான வேலையைச் செய்தவர்.

இன்று வங்கதேசத்தில் உள்ள குல்னா மாவட்டத்தில் 1872-இல் பிறந்தவர் ஹக். சிறு வயதிலேயே பெற்றோரைப் படகு விபத்தில் இழந்தார் என்பர். பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டுக் கல்கத்தாவுக்குப் போன அச்சிறுவனை ஒரு குடும்பம் ஆதரித்துப் படிக்க வைத்தது. கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதத்தில் சிறந்து விளங்கினார். வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றி 1892-இல் அக்கல்லூரி முதல்வருக்கு எழுதி, கணக்கில் வல்ல மாணவர் ஒருவரைக் கேட்டார். முதல்வர் ஹக்கின் பெயரைச் சொன்னார். இருபது வயது இளைஞர் காவல்துறையில் உதவி ஆய்வாளரானார்.

அன்றைய காவல்துறையின் சிக்கல் எளிமையாகச் சொல்லக்கூடியது. பிடிபட்டவன் முன்பு தண்டனை பெற்றவனா என்பதை எப்படி அறிவது? பெயரை மாற்றிச் சொல்லலாம், ஊரை மாற்றிச் சொல்லலாம். பிரான்சில் பெர்த்தியோன் கண்ட முறைப்படி தலை, கை, கால் ஆகியவற்றை அளந்து பதிவுசெய்தனர். அளப்பவரின் கைக்கேற்ப அளவும் மாறியது. விரல்ரேகை மாறாது என்பது தெரிந்தே இருந்தது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் 1858-இலேயே ஒரு ஒப்பந்தத்தில் கையொப்பத்துக்குப் பதில் கைப்பதிவு வாங்கியிருந்தார். பிரான்சிஸ் கால்டன் 1892-இல் விரல்ரேகை பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் ஆயிரக்கணக்கான தாள்களுக்குள் ஒருவனுடைய தாளைத் தேடி எடுப்பதற்கு வழியில்லை. தேட முடியாத ஆவணம் காகிதக் குவியல்தான்.

ஹக் தந்தது அந்த வழியை. நம் வீடுகளில் குழந்தைகளின் விரல் நுனியைப் பார்த்துச் சங்கா, சக்கரமா என்று எண்ணுவோம் அல்லவா? அவர் எண்ணியது சக்கரத்தை மட்டும். பத்து விரல்களை ஐந்து இணைகளாக்கினார். முதல் இணையில் சக்கரம் இருந்தால் மதிப்பு 16. அடுத்தடுத்த இணைகளில் 8, 4, 2, 1. சக்கரம் இல்லையென்றால் சுழியம். ஒவ்வோர் இணையிலும் ஒரு விரல் மேலெண்ணுக்கும் மற்றது கீழெண்ணுக்கும் போகும். கூட்டிவந்த இரண்டுடனும் ஒன்று சேர்க்க வேண்டும். வலது பெருவிரலிலும் வலது மோதிர விரலிலும் மட்டும் சக்கரம் உள்ளவர் 9/17. எதிலுமே இல்லாதவர் 1/1. இப்படி 32 நெடுவரிசை, 32 குறுக்குவரிசை, ஆக 1,024 அறைகள் கொண்ட நிலைப்பேழை. எண்ணைக் கணக்கிட்டுவிட்டால் நேராக அந்த அறைக்குப் போய்விடலாம். உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகளால் உலகை எண்ணாக்கும் இரும முறை அது. ஆசிரியப் பணியில் பல ஆண்டுகள் புள்ளியியல் அட்டவணைகளோடு உழன்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அழகான கணக்கு. அவருடைய சக அலுவலர் ஹேம் சந்திர போஸ் அதை மேலும் நுட்பமாக்கினார்.

அரசு இம்முறையை ஆராய 1897-இல் ஒரு குழுவை அமைத்தது. நில அளவைத் துறைத் தலைவர் சார்லஸ் ஸ்ட்ரஹானும் வேதியியலாளர் அலெக்சாண்டர் பெட்லரும் அதன் உறுப்பினர்கள். எளிதா, மலிவா, விரைவா, பிழையற்றதா என்று உடல் அளவை முறையோடு ஒப்பிட்டு ஆராய்ந்தனர். எல்லாவற்றிலும் விரல்ரேகையே வென்றது. அவ்வாண்டே கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. யாருடைய விரலை எடுக்கலாம், யாருடையதை எடுக்கக்கூடாது என்ற கேள்வி அக்குழுவின் மதிப்பீட்டு அளவுகோல்களில் இல்லை. ஒரு மென்பொருளை இன்று சோதித்து ஏற்கும்போதும் நாம் கேட்பவை ஏறத்தாழ அதே கேள்விகள்தாம்.

கருவி நன்மை செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. ஜல்பாய்குரியில் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கு 1898-இல் விசாரிக்கப்பட்டது. பஞ்சாங்கத்தில் பதிந்திருந்த கறை படிந்த ரேகை, முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற ஒரு பணியாளருடையது என்று தெரிந்தது. ரேகை அவர் அங்கே இருந்ததைக் காட்டியதே அன்றிக் கொன்றதைக் காட்டவில்லை. நீதிமன்றம் திருட்டுக்கு மட்டுமே தண்டனை விதித்தது. ஆளை மாற்றிப் பிடித்து அடித்து ஒப்புக்கொள்ள வைப்பது சாதாரணமாக இருந்த காலத்தில் இது சிறிய முன்னேற்றம் அன்று.

ஹென்றி 1900-இல் நூல் எழுதினார். 1901-இல் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றார். பின்னர் இலண்டன் மாநகரக் காவல் ஆணையரானார். வகைப்பாட்டு முறை உலகெங்கும் ஹென்றி முறை என்றே பெயர்பெற்றது. இரயிலில் போகும்போது திடீரென்று தோன்றியதைத் தாள் இல்லாமல் சட்டைக் கைப்பட்டியில் ஹென்றி குறித்துக்கொண்டார் என்றொரு கதையும் உலவியது. ஹக் பீகாரில் காவல் பணியைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் தம் பங்கை ஏற்குமாறு அரசுக்கு விண்ணப்பித்தார். கான் பகதூர் பட்டமும் 5,000 ரூபாயும் கிடைத்தன. தம் அலுவலர்களில் இம்முறைக்கு மிகுதியாகப் பங்களித்தவர் ஹக்தான் என்று ஹென்றியும் இறுதிக் காலத்தில் ஒப்புக்கொண்டார்.

சூத்திரம் அவரை விட்டு எப்போதோ வெகுதூரம் போய்விட்டிருந்தது. ஹென்றி 1900-இல் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்று அங்கே காவல்துறையை அமைக்க உதவினார். சில ஆண்டுகளில் டிரான்ஸ்வால் அரசு அங்கு வாழ்ந்த ஆசியர்கள் அனைவரும் விரல்ரேகை பதிந்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்றது. ஹென்றியின் நூலைப் பார்த்த காந்தி, சட்டத்தின் கட்டாயத்தால் விரல்ரேகை கொடுப்பவர்கள் குற்றவாளிகள் மட்டுமே என்று அதிலிருந்து அறிந்துகொண்டார். 1906 செப்டம்பரில் ஜோஹானஸ்பர்க்கில் தொடங்கிய எதிர்ப்பே சத்தியாகிரகமாக வளர்ந்தது; தம்பி நாயுடு முதலிய தமிழர்கள் மீண்டும் மீண்டும் சிறை சென்றனர். 1908-இல் உடன்பாடு ஏற்பட்டபோது தாமே விரும்பிப் பதிய காந்தி முன்வந்தார். அதற்காகத் தம்மவர்களிடமே அடியும் வாங்கினார். அதே விரல், அதே மை. கட்டாயத்துக்கும் இசைவுக்கும் இடையிலான வேறுபாட்டுக்காக ஒரு மனிதர் இருபக்கமும் இடிபட்டது அப்போதுதான்.

இந்தியாவில் நடந்தது இன்னும் கொடியது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-இலேயே வட இந்தியாவில் வந்துவிட்டது. பிறப்பால் குற்றவாளி என்று ஒரு சமூகத்தையே அறிவிக்கும் சட்டம் அது. 1911-இல் அது புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. பதிவுசெய்யப்பட்டவர்களின் விரல்ரேகையை எடுக்க அதிகாரிகளுக்கு உரிமை வழங்கியது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள் அதன் வலைக்குள் வந்தனர். பிற்பாடு கமுதி, முதுகுளத்தூர் வட்டாரத்து மறவர்களும் வந்தனர். ஒரு குற்றமும் செய்யாதவர் இரவில் காவலர் கண்பார்வையில் படுக்க வேண்டும். வேற்றூர் போக வேண்டுமென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கள் பகுதி முதியவர்கள் அதைக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று சொல்லிக் கேட்டதைவிட ரேகைச் சட்டம் என்று சொல்லிக் கேட்டதே அதிகம். சட்டப் புத்தகத்தின் பெயர் அவர்கள் நினைவில் நிற்கவில்லை. விரலில் பட்ட மை நின்றது.

வத்திராயிருப்பிலிருந்து வடக்கே சாப்டூர், எழுமலை என்று மலையடிவாரத்தை ஒட்டிப் போனால் சேடபட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் இருக்கிறது. 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதியவைக்கப் படையோடு வந்தனர், ஊர் மறுத்தது, துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். மற்றவர்களைச் சங்கிலியிட்டு நடத்திச் சென்றனர். அவர்களுக்காக வாதாடிய ஜார்ஜ் ஜோசப்பை அம்மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். ஊரில் நினைவுத்தூண் நிற்கிறது.

இதில் அஜிசுல் ஹக்குக்கு என்ன பங்கு? சட்டத்தை அவர் இயற்றவில்லை. அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்பே அது வந்துவிட்டது. பெருங்காமநல்லூர் என்ற பெயரையே அவர் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. அவர் மறுத்திருந்தால் வேறொருவர் செய்திருப்பார் என்பதும் உண்மைக்கு மாறானதன்று. ஹேம் சந்திர போஸ் அதே அறையில்தான் இருந்தார். அடிமை நாட்டில் ஓர் உதவி ஆய்வாளர் தம் மேலதிகாரியிடம் நிபந்தனை போட்டிருக்க முடியுமா என்றும் கேட்கலாம். இவை அனைத்தையும் ஏற்கிறேன்.

ஆயினும் அவருடைய கணக்கில் ஒரு பற்று எழுதத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு சமூகத்தையே கண்காணிக்க வேண்டும் என்ற ஆசை அரசுக்கு முன்பே இருந்தது. ஆனால் இலட்சக்கணக்கானவர்களைப் பதிந்துவைத்துத் தேடி எடுக்க இயலாதவரை, அந்த ஆசைக்குக் கை நீளம் போதவில்லை. 1,024 அறைகள் அதை நீட்டின. யாருக்காகச் செய்கிறோம் என்பதும் அவருக்குத் தெரியாததன்று. அவர் பணிபுரிந்தது காவல்துறையில். தம்முடையது என்று பிற்காலத்தில் உரிமை கோரியவர், அதன் வரவுக்கு மட்டும் உரியவர் ஆகிவிட முடியாது. ஹென்றியின் பற்று இதைவிடப் பெரிது. இந்திய அரசின் பற்று எல்லாவற்றிலும் பெரிது. அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு என்று பகிரலாம். அப்படிப் பகிரும்போது கடைசி ஆளின் பங்கு சிறுத்துப்போகும்; சுழியமாகிவிடாது.

பொருளியலில் இதற்குப் புறவிளைவு என்று பெயர். விற்பவரும் வாங்குபவரும் கைகுலுக்கிக்கொள்ள, இழப்பு மட்டும் அந்தப் பேரத்தில் இல்லாத மூன்றாமவர் தலையில் விழுவது. ஆலைப் புகை வழக்கமான எடுத்துக்காட்டு. இக்கருத்தை விரிவாக ஆராய்ந்த ஆர்தர் பிகூவின் பெருநூல் வெளிவந்ததும் 1920-இல்தான். ஆலைப் புகைக்கு நாம் காலப்போக்கில் சட்டம் கண்டோம். புகைபோக்கியின் உயரத்தையே ஆலையைக் கட்டுபவர்தான் வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றோம். மென்பொருளுக்கு அப்படியொரு வரைபடத்தை நாம் கேட்பதில்லை. 2020-இல் ஐபிஎம் நிறுவனம் பொதுப் பயன்பாட்டுக்கான முகமறிதல் மென்பொருளை இனி விற்பதில்லை என்று அறிவித்தபோது, செய்பவர்களாலும் கதவை மூட முடியும் என்பது தெரிந்தது. அதன் பிறகும் முகமறிதல் மென்பொருள் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காவல்துறையும் அதைப் பயன்படுத்துகிறது. அது தேடும் பேழைக்குள் யாருடைய முகங்கள் இருக்கலாம், எத்தனை காலம் இருக்கலாம் என்பவையே இனி கேட்கப்பட வேண்டியவை.

ஹக் பீகாரின் மோதிஹாரியில் 1935-இல் காலமானார். எல்லாரையும் எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்கும் அரசைப் பற்றி நாவல் எழுதிய ஜார்ஜ் ஆர்வெல் 1903-இல் பிறந்ததும் அதே மோதிஹாரியில் என்பது வெறும் தற்செயல்தான். இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. ஹக் இறந்தபின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1947-இல், சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் 1952 வரை ஆயிற்று.

மென்பொருள் துறைக்கு மாறிய அந்த மாணவர் பொங்கலுக்கு ஊர் வந்தபோது, பிளவக்கல் அணைக்குப் போகும் வழியில் இக்கதை முழுவதையும் சொன்னேன். அவர் இப்போது எழுதுவது ஆள் அடையாளம் சரிபார்க்கும் மென்பொருள். விரல் தேய்ந்தவர் வந்தால் உங்கள் நிரல் என்ன செய்யும், வாங்கியவர் அதை வேறு வேலைக்குத் திருப்பக்கூடாது என்று ஒப்பந்தத்தில் வரி உண்டா என்று கேட்டேன். முதல் கேள்விக்கு மூன்று முறை முயன்றபின் நிராகரிக்கும் என்றார். இரண்டாவதைப் பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.