வரியில் நீதி தேடிய ஹென்றி ஜார்ஜ்

அரசு நடைபெறுதற்குப் பொருள் வேண்டும். சாலையும் பாலமும், பள்ளியும் மருத்துவமனையும், காவலும் நீதிமன்றமும் மக்கள் செலுத்தும் வரிப்பணத்தைக் கொண்டே நிலைபெறுகின்றன. ஆதலின் வரி வேண்டுமா வேண்டாவா என்பது வினா அன்று. எதன்மீது விதிப்பது, யாரிடம் பெறுவது, எவ்வளவு பெறுவது என்பனவே வினாக்கள். மலர் வாடாதபடி வண்டு தேனைக் கொள்வது போல வரி கொள்ளுதலும் உண்டு. மரத்தையே வெட்டிக் கனியைப் பறிப்பது போல வரி கொள்ளுதலும் உண்டு. முன்னதற்கு வழி யாது என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, அவ்வாராய்ச்சிக்காகவே உயிரையும் நல்கிய பெரியார் ஒருவர் அமெரிக்காவில் வாழ்ந்தார். அவரே ஹென்றி ஜார்ஜ்.

ஹென்றி ஜார்ஜ் 1839ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பிலடெல்பியா நகரத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பத்து மக்களுள் இவர் இரண்டாமவர். தந்தையார் சமய நூல்களை வெளியிட்டு வந்தவர். பொருள்வளம் மிக்கவர் அல்லர். அதனால் பதினான்கு வயது நிரம்புமுன்பே ஜார்ஜின் பள்ளிப்படிப்பு முடிந்தது. ஆயினும் அவரது கல்வி முடியவில்லை. உலகமே அவருக்குப் பள்ளியாயிற்று, பட்டறிவே ஆசிரியராயிற்று.

1855ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பதினைந்து வயதுச் சிறுவராக, 'இந்து' என்னும் பெயருடைய கப்பலில் அவர் வேலைக்கு அமர்ந்தார். மரப்பலகைகளை ஏற்றிச் சென்ற அக்கப்பல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் துறையை அடைந்து, அங்கிருந்து நம் நாட்டின் கல்கத்தாவை நோக்கி வந்தது. ஹூக்ளி ஆற்றின் கரையில் விளங்கிய அழகிய மாளிகைகளையும் தோட்டங்களையும் கண்டு அவர் வியந்தார். அதே ஆற்றில் பிணங்கள் மிதந்து செல்வதையும் கண்டு திகைத்தார். செல்வமும் அவலமும் அருகருகே நிற்கும் காட்சியை அவ்விளம் உள்ளம் பிற்காலத்தில் வேறு நாடுகளிலும் காண இருந்தது.

நாடு திரும்பிய பின்னர் அவர் அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றார். பொன் விளையும் நாடென்று புகழ்பெற்றிருந்த கலிபோர்னியாவை நாடி, 1858ஆம் ஆண்டில் சான்பிரான்சிஸ்கோ நகரை அடைந்தார். அங்கிருந்து பிரேசர் ஆற்றுப் பொன்வயல்களை நோக்கிக் கப்பலேறினார். கப்பலில் உடன் வந்த சுரங்கத் தொழிலாளர் ஒருவர், நாடு வளர வளரக் கூலி குறைந்துகொண்டே போகும் என்று பேச்சினிடையே கூறினார். நாடு வளர்ந்தால் உழைப்பவன் வாழ்வும் வளரவேண்டுமன்றோ? அது தேய்வதற்குக் காரணம் என்ன? பொன் தேடிச் சென்ற இளைஞர் பொன்னைப் பெறவில்லை. ஆயின் வாழ்நாள் முழுதும் தம்மை விட்டு நீங்காத வினா ஒன்றைப் பெற்றுத் திரும்பினார்.

1861ஆம் ஆண்டில் ஆனி பாக்ஸ் என்னும் மங்கையை அவர் மணந்தார். இல்லறம் இனிதாயிருந்தது, வறுமையோ கொடிதாயிருந்தது. 1865ஆம் ஆண்டு சனவரியில் இரண்டாம் மகன் பிறந்தபோது வீட்டில் உணவு இல்லை. பெற்றெடுத்த தாய்க்குக் கொடுக்கவும் ஒன்றும் இல்லை. ஜார்ஜ் தெருவிற்குச் சென்றார். முன்பின் அறியாத ஒருவரை நிறுத்தி ஐந்து டாலர் வேண்டினார். மனைவி பிள்ளைகளின் பசியைக் கூறினார். அம்மனிதர் மறுமொழி கூறாது பணத்தைக் கொடுத்துச் சென்றார். அன்று தம் உள்ளம் கொதித்த கொதிப்பை ஜார்ஜ் பின்னாளில் மறைக்கவில்லை. உழைக்க விரும்பும் ஒருவனையும் வறுமை எவ்வளவு தூரம் தள்ளிச் செல்லும் என்பதை அவர் ஏட்டில் கற்கவில்லை. தம் இல்லத்திலேயே கற்றார்.

சிறிது சிறிதாக எழுத்து அவருக்குக் கைகொடுத்தது. அச்சுக்கோப்பவராய் இருந்தவர் செய்தி இதழ்களின் எழுத்தாளராய், பின்னர் ஆசிரியராய் உயர்ந்தார். கண்டத்தின் கீழ்க்கரையையும் மேற்கரையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1869ஆம் ஆண்டில் முடிவுற்றது. மக்கள் யாவரும் அதனால் செல்வம் பெருகும் என்று மகிழ்ந்திருந்தனர். செல்வம் பெருகும், ஆனால் அஃது எல்லார்க்கும் பெருகாது, நிலமுடையார்க்கு வாழ்வும் நிலமில்லார்க்குத் தாழ்வும் மிகும் என்று ஜார்ஜ் அதற்கு முந்திய ஆண்டிலேயே கட்டுரை வரைந்தார். அக்காலத்தில் அலுவல்பற்றி நியூயார்க் நகருக்குச் சென்றபோது, வானளாவிய செல்வமும் நெஞ்சையுருக்கும் வறுமையும் ஒரே வீதியில் நிற்பதைக் கண்டார். இதன் காரணத்தையும் மருந்தையும் கண்டறிந்தே தீர்வதென உறுதி பூண்டார்.

விடை எதிர்பாரா இடத்தில் கிடைத்தது. 1870ஆம் ஆண்டில் ஒருநாள் ஓக்லந்து நகரையடுத்த குன்றுகளில் குதிரைமீது சென்றவர், வழியில் வந்த வண்டிக்காரரிடம் அப்பகுதியில் நிலத்தின் விலை என்ன என்று கேட்டார். தொலைவில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த வெற்று நிலத்தைக் காட்டி, அதனை உடையவர் ஏக்கர் ஆயிரம் டாலருக்கு விற்கக் கருதுகிறார் என்றார் அவர். ஜார்ஜின் உள்ளத்தில் ஒளி தோன்றியது. அந்நிலத்தில் யாரும் உழவில்லை. ஒரு கல்லையும் நாட்டவில்லை. மக்கள் திரண்டு வந்து அருகில் ஊர் சமைத்ததனாலேயே அதன் விலை ஏறிற்று. ஊரார் உழைப்பால் உயர்ந்த விலை, உழைக்காத ஒருவருக்கு உரியதாயிற்று. நாடு வளர்ந்தும் ஏழை தாழ்வதற்குக் காரணம் இதுவே என அவர் தெளிந்தார்.

அக்காலத்தில் அமெரிக்காவில் வழங்கிய வரிமுறையை இங்கே அறிதல் வேண்டும். கூட்டாட்சி அரசாங்கம் பெரும்பாலும் இறக்குமதிப் பொருள்கள்மீது விதித்த சுங்க வரியையும், மது, புகையிலை முதலியவற்றின்மீது விதித்த வரியையும் நம்பியிருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில் தோன்றிய வருமான வரி 1872ஆம் ஆண்டில் நீங்கிவிட்டது. மாநிலங்களும் நகரங்களும் சொத்து வரியால் வாழ்ந்தன. சுங்க வரியால் துணியின் விலை ஏறினால், கோடீசுவரரும் கூலிக்காரரும் தாம் வாங்கும் துணிக்கு ஒரேவகை வரியைச் சுமப்பர். ஆயின் கூலிக்காரரின் சிறு வருவாயில் அச்சுமை பெரும்பங்காகும். சொத்து வரியோ, உழைத்து வீடு கட்டியவர்மீது மிகுந்தும், நிலத்தை வெறிதே கிடக்கவிட்டவர்மீது குறைந்தும் விழுந்தது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வீதியில் ஒரே அளவுள்ள இரண்டு மனைகள் உள்ளன எனக் கொள்வோம். ஒருவர் தம் மனையில் வீடு கட்டிப் பலர்க்கு இடம் அளிக்கிறார். மற்றவர் தம் மனைக்கு வேலியிட்டு, விலை ஏறும் வரையில் காத்திருக்கிறார். பழைய முறைப்படி கட்டியவர் மிகுதியாகவும் காத்திருந்தவர் குறைவாகவும் வரி செலுத்துவர். ஜார்ஜ் கூறிய முறைப்படி வீட்டுக்கு வரி இல்லை. இரு மனைகளுக்கும் நிலமதிப்பின்படி ஒரே வரி. வீட்டுக்கு வரி விதித்தால் வீடு கட்டுவோர் குறைவர். பொருளுக்கு வரி விதித்தால் பொருள் செய்வோர் குறைவர். நிலத்தையோ யாரும் செய்வதில்லை. எனவே வரியால் அது குறைவதும் இல்லை. அதனை மறைத்து வைப்பதற்கும் இயலாது. ஆதலின் ஏனைய வரிகளையெல்லாம் நீக்கி, நிலமதிப்பின்மீது மட்டும் வரி கொள்க என்பது அவர் கொள்கை. 'ஒற்றை வரி' என்று அது பெயர் பெற்றது.

1876ஆம் ஆண்டில் கலிபோர்னிய மாநிலத்தின் எரிவாயு மீட்டர்களைச் சோதிக்கும் பதவி அவருக்குக் கிடைத்தது. வருவாய் சிறிது, ஓய்வு பெரிது. 1877ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பெருநூலை 1879ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் எழுதி முடித்தார். 'முன்னேற்றமும் வறுமையும்' என்பது அதன் பெயர். பதிப்பாளர் அதனை ஏற்கத் தயங்கினர். நண்பர் ஒருவரின் அச்சகத்தில் அச்சுத் தகடுகள் செய்ய வழி பிறந்தது. பழைய தொழிலை மறவாத ஜார்ஜ், நூலின் தொடக்கப் பகுதிக்குத் தம் கையாலேயே அச்சுக் கோத்தார். முதலில் ஐந்நூறு படிகளே வெளிவந்தன. பின்னர் அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது. உருசிய நாட்டுப் பேரறிஞர் டால்ஸ்டாய் அதனை வியந்து போற்றினார்.

1886ஆம் ஆண்டில் நியூயார்க் தொழிலாளர்கள் அவரை நகரத் தலைவர் பதவிக்குப் போட்டியிடுமாறு வேண்டினர். முப்பதினாயிரம் வாக்காளர் தம் ஆதரவை எழுத்தில் தந்தால் நிற்பதாகக் கூறினார்; அவர்கள் தந்தனர். தேர்தலில் ஹியூவிட் என்பவர் 90,552 வாக்குகளும் ஜார்ஜ் 68,110 வாக்குகளும் பெற்றனர். பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட் 60,435 வாக்குகளுடன் மூன்றாமவரானார். ஜார்ஜ் தோற்றார்; எனினும் அவர் எழுப்பிய வினா வென்றது.

பெரியோரிடத்தும் குறை காண்பது உண்மை வரலாற்றின் கடமை. கலிபோர்னியாவில் உழைக்க வந்த சீனரை விலக்க வேண்டுமென்று ஜார்ஜ் 1869ஆம் ஆண்டில் எழுதியது, மாந்தர் யாவரும் நிலத்திற்கு உரியர் என்ற அவர்தம் கொள்கைக்கே மாறானதாகும். ஒற்றை வரிக்கும் தடைகள் கூறப்பட்டன. அரும்பாடுபட்டுச் சேர்த்த பொருளால் சிறுநிலம் வாங்கியவர் என் செய்வார்? ஒரு வரி மட்டும் அரசின் செலவனைத்துக்கும் போதுமா? இவ்வினாக்கள் பொருளியல் அறிஞரிடையே நெடுங்காலம் வாதிக்கப்பட்டன.

1890ஆம் ஆண்டில் வாதநோய் அவரைத் தாக்கியது. 1897ஆம் ஆண்டில் நகரத் தலைவர் தேர்தலுக்கு மீண்டும் அழைப்பு வந்தபோது, போட்டியின் உழைப்பு உயிரைப் போக்கும் என்று மருத்துவர் எச்சரித்தனர். உயிருக்கு அஞ்சிக் கடமையை விடுதல் அவர்க்கு இசையவில்லை. அக்டோபர் 28ஆம் நாள் இரவு பல கூட்டங்களில் பேசிக் களைத்துத் திரும்பியவர், மறுநாள் விடியற்காலையில் உயிர் நீத்தார். தேர்தலுக்கு நான்கு நாள்களே இருந்தன. அவருடலைக் காண வந்தோர் ஓர் இலட்சம் பேர் என மதிப்பிடப்பட்டது. முன்னொரு நாள் தெருவில் கைந்நீட்டி நின்றவருக்கு ஒரு மாநகரமே கண்ணீர் வடித்தது.

அவர் விதைத்த விதை வீண்போகவில்லை. அலபாமா மாநிலத்தில் பேர்ஹோப் என்னும் ஊர் 1894ஆம் ஆண்டில் அவர் கொள்கைப்படி நிறுவப்பட்டது. பென்சில்வேனிய மாநிலம் 1913ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தால், பிட்ஸ்பர்க் நகரில் கட்டடத்தின் வரிவீதம் படிப்படியாகக் குறைந்து நிலத்தின் வரிவீதத்தில் பாதியாயிற்று; நிலத்துக்கு மிகுதியும் கட்டடத்துக்குக் குறைவுமாகிய அம்முறை அங்கே 2001ஆம் ஆண்டு வரையில் நடைபெற்றது. எலிசபெத் மேகி என்னும் அம்மையார், நிலவுடைமையின் விளைவுகளை யாவரும் உணருமாறு பலகை விளையாட்டு ஒன்றை அமைத்து, 1904ஆம் ஆண்டில் அதற்கு உரிமை பெற்றார். சிறுவர் பலர் இன்று மகிழ்ந்தாடும் 'மோனோபொலி' விளையாட்டு அதன் வழிவந்ததே. கூட்டாட்சி அரசாங்கமோ 1913ஆம் ஆண்டில் அரசியலமைப்பைத் திருத்தி வருமான வரியை மேற்கொண்டது. அது ஜார்ஜ் வகுத்த வழி அன்று. ஆயினும் வரிச்சுமையை ஏழையின் தோளினின்றும் இறக்க வேண்டும் என்னும் எண்ணம் அங்கும் நிலவியது.

ஜார்ஜின் விடையை ஏற்பவரும் உளர், மறுப்பவரும் உளர். அவர் கேட்ட வினாவையோ எவரும் தள்ளிவிட இயலாது. ஒரு வரி விதிக்கப்படும்போது, அதன் சுமை இறுதியில் யார் தோளில் தங்குகிறது என்று கேட்டறிதல் குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமையாகும். பள்ளியை இளமையிலேயே விட்ட ஓர் அச்சுத் தொழிலாளர் உலகுக்குக் கற்பித்த பாடம் அதுவே.