ஜாஷ் கிப்சனும் புகழ் மண்டபமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஒரு மண்டபம் இருக்கின்றது. பேஸ்பால் ஆட்டத்தில் சிறந்து விளங்கியோர்க்கு வெண்கலப் பட்டயம் பொறித்து வைக்கும் இடம் அது. அதனைப் புகழ் மண்டபம் என்பர். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசாத தெருமுனை நம் நாட்டில் இல்லாதது போல், பேஸ்பாலைப் பற்றிப் பேசாத ஊர் அந்நாட்டில் இல்லை. அம்மண்டபத்துக்கு உரியவர் யார், உரியவர் அல்லாதவர் யார் என்னும் வாதம் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் அங்கே அனல் பறக்க நடைபெறும். அவ்வாதங்களுள் மிக நீண்டதும், நம் உள்ளத்தை நேரே தொடுவதுமான ஒன்று ஜாஷ் கிப்சன் என்னும் கறுப்பின வீரரைப் பற்றியது.

ஆட்டத்தை அறியாத நம் இளைஞர்களுக்காக ஒரு சொல். பேஸ்பாலில் எதிரணியார் ஒருவர் பந்தை எறிவார். மட்டையாளர் உருண்டையான மட்டையால் அதனை அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடி வருவார். பந்து மைதானத்து வேலிக்கு அப்பால் சென்று விழுந்தால் அது ஹோம் ரன். நம் கிரிக்கெட்டின் ஆறு ஓட்டத்தைப் போன்றது. மட்டையாளருக்குப் பின்னால், நம் விக்கெட் காப்பாளரைப் போல் ஒருவர் குந்தியிருந்து ஒவ்வொரு பந்தையும் பிடிப்பார். அவருக்கு ‘காட்சர்’ என்று பெயர். ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் குந்தி எழும் அப்பணி முழங்கால்களைத் தேய்த்துவிடும். ஆகவே அவ்விடத்தில் நிற்பவர் பெரும் மட்டையாளராகவும் இருப்பது அரிது. கிப்சன் இரண்டுமாக இருந்தார்.

அவர் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்துப் பியூனா விஸ்டா என்னும் ஊரில் பிறந்தார். தென் மாநிலங்களின் கொடுமையிலிருந்தும் வறுமையிலிருந்தும் தப்பி, இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நோக்கிப் பெயர்ந்த காலம் அது. தந்தையார் மார்க் கிப்சன் பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்று எஃகு ஆலையில் வேலை தேடிக்கொண்டு, பின்னர்க் குடும்பத்தை வரவழைத்தார். சிறுவன் ஜாஷ் அங்கே தொழிற்கல்விப் பள்ளியில் மின்வேலை பயின்றான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆலையிலும் கடையிலும் வேலை செய்துகொண்டே மாலை நேரங்களில் மட்டை பிடித்தான்.

கறுப்பர்கள் பெரிய லீக் ஆட்டங்களில் சேரக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதாமலேயே அணி முதலாளிகள் அதனைக் கடைப்பிடித்தனர். எழுதப்படாத விதியை எதிர்த்து எந்த நீதிமன்றத்தின் படியேறுவது? அதன் வலிமையே அதுதான். 1884இல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பின காட்சர் டொலீடோ அணியில் ஆடினார். அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அக்கதவு மூடியே கிடந்தது. ஆகவே கறுப்பர்கள் தாமே அணிகளை அமைத்தனர். 1920 முதல் தாமே லீக்குகளையும் நடத்தினர். அக்காலத்து வழக்கின்படி அவற்றுக்கு நீக்ரோ லீக் என்று பெயர்.

1930 ஜூலையில், பதினெட்டு வயதில், கிப்சன் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியில் சேர்ந்தார். அணியின் காட்சருக்குக் கையில் அடிபட்டதென்றும், பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த கிப்சனை இறங்கி வரச் சொன்னார்கள் என்றும் ஒரு கதை வழங்கி வருகிறது. கதை எப்படியாயினும் ஆகுக. அடுத்த மாதமே அவர் தலையில் பேரிடி விழுந்தது. இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்கையில் உயிர் நீத்தார். ஆணொன்றும் பெண்ணொன்றுமாகப் பிறந்த அக்குழந்தைகளை மனைவியின் பெற்றோரே வளர்த்தனர். கிப்சன் மட்டையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டார்.

பின்னர் பிட்ஸ்பர்க் கிராஃபோர்ட்ஸ் அணிக்குச் சென்றார். அதன் முதலாளி கஸ் கிரீன்லீ எண் சூதாட்டத்தில் பொருள் ஈட்டியவர். ஆயினும் அப்பணத்தைக் கொண்டு தம் மக்களுக்கென ஒரு மைதானம் கட்டினார். கிப்சன், பந்தெறிவதில் நிகரற்ற சாட்செல் பேஜ், மின்னல் வேகத்தில் ஓடிய கூல் பாப்பா பெல், ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஜூடி ஜான்சன் ஆகிய ஐவரும் ஒரே அணியில் ஆடினர். ஐவருமே பின்னாளில் புகழ் மண்டபம் புகுந்தவர்கள். ஆனால் அந்நாளில் வெள்ளையர் விடுதிகளில் அவர்களுக்கு அறையில்லை, உணவகங்களில் இடமில்லை. பேருந்திலேயே உறங்கி, ஒரே நாளில் இரண்டு ஊர்களில் ஆடியதும் உண்டு. 1937இல் டொமினிக்கன் குடியரசிலும், 1940, 1941ஆம் ஆண்டுகளில் மெக்சிக்கோவிலும் கிப்சன் ஆடினார். அங்கே ஊதியம் மிகுதி. விடுதிக் கதவுகளும் திறந்திருந்தன.

புகழ் மண்டபத்துக்கான முதல் தேர்தல் 1936இல் நடந்தது. டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர் முதலிய ஐவர் தெரிவாயினர். வாக்னர் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் ஆடிப் புகழ் பெற்றவர். அதே பிட்ஸ்பர்க்கில், அதே ஆண்டில், கிப்சன் தம் ஆற்றலின் உச்சத்தில் இருந்தார். மண்டபத்தாரின் கண்ணில் அவர் படவில்லை. பைரட்ஸ் அணியின் மைதானமும் வாஷிங்டன் அணியின் மைதானமும் கறுப்பின அணிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டன என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். வாடகைப் பணத்துக்கு நிறமில்லை போலும்!

1943ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிப்சன் நினைவிழந்து மருத்துவமனையில் கிடந்தார். மூளையில் கட்டி இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர்; அறுவைக்கு அவர் இசையவில்லை என்பர். மதுப்பழக்கமும் அவரைப் பற்றிக்கொண்டிருந்தது. அதனை மறைப்பது நமக்கு அழகன்று. அவ்வாண்டில் அவர் மீண்டும் மீண்டும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. வியப்பு என்னவெனில், இன்றைய பதிவேட்டின்படி அவருடைய மிக உயர்ந்த அடி சராசரி அந்த 1943ஆம் ஆண்டுக்குரியதே ஆகும்.

1945 அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் நிறுவனம் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின இளைஞரை ஒப்பந்தம் செய்தது. 1947 ஜனவரி 20ஆம் நாள் கிப்சன் பக்கவாதம் தாக்கி இறந்தார். வயது முப்பத்தைந்து. அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ராபின்சன் பெரிய லீக்கின் மைதானத்தில் கால் வைத்தார். கிப்சன் மனமுடைந்தே மாண்டார் என்று எழுதுவோர் பலர். நாம் அவ்வாறு எழுதத் துணியோம். நோய் அவர் உடலில் நான்கு ஆண்டுகளாகவே இருந்தது. மூன்று மாத இடைவெளி ஒன்றே போதுமான துயரம். அதற்கு மேல் கற்பனை வேண்டியதில்லை.

இனி வாதத்துக்கு வருவோம். புகழ் மண்டபத்தின் விதிப்படி, பெரிய லீக்கில் பத்துப் பருவங்கள் ஆடியவரே தேர்தலில் நிற்கலாம். கேட்பதற்கு நேர்மையான விதி. ஆனால் ஒருவனை வாசலில் நிறுத்திவிட்டு, நீ உள்ளே பத்தாண்டு இருந்தாயா என்று அவனையே கேட்பது என்ன நீதி? தடுத்தவர்களின் குற்றம், தடுக்கப்பட்டவரின் குறையாகக் கணக்கில் ஏறியது. 1966இல் டெட் வில்லியம்ஸ் என்னும் பெரும் மட்டையாளர் மண்டபத்தில் சேர்க்கப்பட்டபோது, தம் ஏற்புரையிலேயே பேஜையும் கிப்சனையும் பெயர் சொல்லி, வாய்ப்பளிக்கப்படாமையால் மட்டுமே வெளியே நிற்கும் அவர்கள் ஒரு நாள் இங்கே இடம்பெற வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். தம் புகழைக் கொண்டாட வேண்டிய மேடையில் பிறருக்காகப் பேசிய அப்பண்பு போற்றத்தக்கது.

1971இல் இதற்கெனக் குழு அமைந்தது. பேஜ் முதலில் தெரிவானார். ஆனால் அவரைப் போன்றோர்க்கு மண்டபத்தில் தனிப் பகுதி ஒதுக்கப்படும் என்று முதலில் அறிவித்தார்கள். ஆட்டத்தில் தனி லீக். புகழிலும் தனி அறையா? கண்டனம் எழுந்தது. சில மாதங்களில் அம்முடிவு கைவிடப்பட்டு, பேஜ் முழு உறுப்பினராகவே ஏற்கப்பட்டார். மறு ஆண்டு, 1972இல், கிப்சனும் அவருடைய தோழர் பக் லெனார்டும் சேர்க்கப்பட்டனர். தந்தையின் சார்பில் மகன் ஜாஷ் கிப்சன் இளையவர் சிறப்பைப் பெற்றுக்கொண்டார். அப்போதும் பிட்ஸ்பர்க் இடுகாட்டில் கிப்சனின் புதைகுழி பெயர்க்கல் இன்றியே கிடந்தது. கல் நாட்டப்பட்டது 1975இல்.

அவருடைய பட்டயத்தில் ஏறத்தாழ 800 ஹோம் ரன்கள் அடித்தவர் என்று பொறித்துள்ளனர். இங்கேதான் வாதம் மீண்டும் தொடங்குகிறது. லீக் ஆட்டங்களோடு, சிற்றூர்களில் ஆடிய எண்ணற்ற பொது ஆட்டங்களையும் சேர்த்த கணக்கு அது. சரிபார்க்க முழுமையான ஏடு இல்லை. யாங்கி மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்தார் என்பது போன்ற கதைகளும் அப்படியே. இத்தகைய கதைகள் அவருக்கு நன்மை செய்யவில்லை என்பது நம் கருத்து. எதிர்ப்போர் அவற்றைக் காட்டியே, இவர் புகழெல்லாம் வாய்ச்சொல் என்று தள்ளிவிட முடிந்தது.

அவ்வாதத்தை முறியடித்தவை பழைய செய்தித்தாள்கள். பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபெண்டர் முதலிய கறுப்பர் இதழ்கள் ஆட்ட விவரங்களை வாரந்தோறும் அச்சிட்டு வந்தன. ஊர்தோறும் நிருபரை அனுப்ப அவற்றிடம் பணமில்லை. ஆதலால் விடுபட்ட ஆட்டங்கள் ஏராளம். எனினும் அச்சேறியவை அழியவில்லை. ஆர்வலர் பலர் நூலகங்களில் அமர்ந்து அவ்விதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வோர் ஆட்டத்தையும் கூட்டி எழுதினர். சம்பளமில்லாத அவ்வுழைப்பு பல்லாண்டுகள் நீடித்தது. 2006இல் கறுப்பின ஆட்டத்தைச் சேர்ந்த பதினேழு பேரை மண்டபம் ஒருங்கே சேர்த்துக்கொண்டது. கிப்சனை விளையாட வைத்த கிரேஸ் அணியின் முதலாளி கம் போஸியும், மண்டபம் புகுந்த முதல் பெண்மணியான எஃபா மான்லியும் அவர்களுள் அடங்குவர். பல்லாண்டு பாடுபட்ட பக் ஓ’நீல் மட்டும் அன்று விடுபட்டார்; அவ்வாண்டிலேயே இறந்தும் போனார். அவருக்கு 2022இல்தான் இடம் கிடைத்தது.

2020 டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த ஏழு கறுப்பின லீக்குகளும் பெரிய லீக்குகளே என்று மேஜர் லீக் நிர்வாகம் அறிவித்தது. 2024 மே மாதம் அவற்றின் கணக்குகள் பொதுப் பதிவேட்டில் சேர்ந்தன. கிப்சனின் வாழ்நாள் அடி சராசரி .372, அதாவது ஆயிரம் முயற்சியில் 372 முறை அடித்து வென்றார். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காப்பின் கணக்கு .367. 1943இல் கிப்சன் பெற்ற .466 ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி ஆயிற்று. அடியின் வன்மையைக் காட்டும் வேறொரு கணக்கில் அவர் .718 பெற்று, பேப் ரூத்தின் .690ஐயும் கடந்தார்.

உடனே மறுப்பு எழுந்தது. கறுப்பின லீக்குகளின் பருவம் குறுகியது. அறுபது எழுபது ஆட்டங்களில் எட்டிய சராசரியை 154 ஆட்டங்களில் எட்டியதோடு ஒப்பிடலாமா என்றனர். புறந்தள்ளக்கூடிய கேள்வி அன்று இது. குறைந்த ஆட்டங்களில் சராசரி மேலும் கீழும் மிகுதியாக ஆடும் என்பது கணக்குப் படித்தோர் அறிந்ததே. ஆனால் கொரோனா நோய் பரவிய 2020இல் பெரிய லீக்கே அறுபது ஆட்டங்கள்தாம் ஆடியது. அப்பருவத்தைப் பதிவேட்டிலிருந்து யாரும் நீக்கவில்லை. அன்றியும், ரூத்தும் காப்பும் தம் காலத்துச் சிறந்த கறுப்பினப் பந்தெறிவோரை லீக் ஆட்டத்தில் ஒரு முறையேனும் எதிர்கொண்டதில்லை. கிப்சனின் கணக்கில் குறையுண்டு என்றால், அவர்கள் கணக்கிலும் அதே அளவு குறையுண்டு.

இப்போது அதிகாரப் பதிவேட்டில் கிப்சன் அடித்த ஹோம் ரன்கள் இருநூறுக்கும் குறைவு. கூப்பர்ஸ்டவுன் பட்டயத்தில் இன்றும் ஏறத்தாழ 800. இரண்டையும் யாரும் அழிக்கவில்லை. இடைப்பட்ட அறுநூறில் எத்தனை மெய், எத்தனை மிகை என்பதைக் காட்டும் விவரங்கள் எங்கேனும் ஒரு பழைய செய்தித்தாளில் கிடக்கக்கூடும். ஆர்வலர்கள் இன்னும் அவற்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.